9ஆம் வகுப்பில் தமிழ்க் கட்டுரையைக் கணினியில் எழுத வைப்பது: விசைப்பலகை, எழுத்துரு, பிழைதிருத்தம் பற்றிக் கேள்விகள்

கரும்பலகை:

அரசு உயர்நிலைப் பள்ளி. 9ஆம் வகுப்பில் 40 பேர். ஆய்வகத்தில் 10 கணினிகள், எல்லாம் விண்டோஸ் 10. வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம், தமிழுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டுரை, கடிதம், நூல் மதிப்புரை ஆகியவற்றை மாணவர்களே தமிழில் தட்டச்சு செய்து, திருத்தி, அச்செடுக்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். சில சந்தேகங்கள்:

எந்த விசைப்பலகை? வீட்டுக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். அதையே தொடரலாமா, தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லித்தரலாமா?

பள்ளியில் இருக்கும் பழைய வினாத்தாள், பயிற்சித்தாள் எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. ஆய்வகக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. எப்படி மாற்றுவது?

பரிந்துரைப் பட்டியலில் வரும் சொல்லைத் தொட்டுத் தொட்டு எழுதுவதால் ல, ள, ழ குழப்பம் கூடுமா, குறையுமா?

பொதுத்தேர்வு கையெழுத்தில்தான். தட்டச்சுக்குப் போனால் கையெழுத்து கெடும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இதற்கு என்ன பதில்?

பொதுவான கருத்துகள் வேண்டாம். என்ன செய்வது, எங்கே சிக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மெய்யெழுத்து:

வணக்கம் டீச்சர். விசைப்பலகையை மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

தமிழ்99தான். ஆங்கில ஒலிவழி முறையில் பிள்ளை முதலில் ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தாக மனத்தில் மாற்றுகிறது, பிறகு கணினி அதைத் திருப்பித் தமிழாக்குகிறது. ந, ன, ண மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே ஆங்கில எழுத்து. எது வேண்டும் என்பதைப் பரிந்துரைப் பட்டியல் முடிவு செய்துவிடுகிறது, பிள்ளை முடிவு செய்வதில்லை. தமிழ்99இல் ண வேண்டுமென்றால் ண விசையைத் தட்டியே ஆக வேண்டும். எழுத்துப்பிழை யாருடையது என்பது தெளிவாகத் தெரியும். தமிழ் வகுப்புக்கு அதுதானே தேவை.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த அமைப்பு இது. தமிழ்நாடு அரசு அந்த ஆண்டே தரமாக ஏற்றது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசைகள். உயிர்மெய்க்குத் தனி விசை கிடையாது. க தட்டி இ தட்டினால் கி.

நிறுவும் முறை: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் என்று போய் ‘தமிழ் (இந்தியா)’ சேர்க்கவும். அதைச் சொடுக்கி ஆப்ஷன்ஸ், ஆட் எ கீபோர்டு. பட்டியலில் ‘தமிழ் 99’ இருக்கும். தமிழைச் சேர்த்தவுடன் தானாக வந்து உட்காரும் வேறு அமைப்பு எதுவானாலும் நீக்கிவிடுங்கள். இரண்டு தமிழ் விசைப்பலகை இருந்தால் விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தும்போது பிள்ளைகள் எதில் இருக்கிறோம் என்று தெரியாமல் திண்டாடுவார்கள். பாதி நேரம் இதிலேயே போய்விடும். புதுப்பிக்காத பழைய விண்டோஸ் 10 என்றால் பட்டியலில் தமிழ் 99 இல்லாமல் போகலாம், அப்போது என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஆய்வகக் கணினியில் நிறுவும் அனுமதி பொறுப்பாசிரியரிடம்தான் இருக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். லினக்ஸ் உள்ள பள்ளி என்றால் ஐபஸ் உள்ளீட்டில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 வரும்.

இட அமைப்பு: நடுவரிசையில் இடப்பக்கத்திலிருந்து அ, இ, உ, புள்ளி, எ, அடுத்து க, ப, ம, த, ந, ய. மேல்வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, அடுத்து ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழ்வரிசையில் ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, வலக்கோடியில் ழ. குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில் இருப்பதைக் கவனியுங்கள்: அ மேல் ஆ, இ மேல் ஈ, உ மேல் ஊ. இதைக் கரும்பலகையில் ஒரு முறை வரைந்து காட்டினால் போதும், பாதி மனப்பாடம் ஆகிவிடும். ஸ, ஷ, ஜ, ஹ, ஆய்தம் எல்லாம் ஷிஃப்டோடு.

முதல் இரண்டு வாரம் நடுவரிசையை விட்டு வெளியே போக வேண்டாம். அந்த 11 விசைகளை வைத்தே அம்மி, தம்பி, பந்து, முத்து, பத்து, கம்பு, தகுதி, அந்தி என்று நிறையச் சொற்கள் கிடைக்கும். மூன்றாம் வாரம் மேல்வரிசை, நான்காம் வாரம் கீழ்வரிசை. விசைமேல் ஒட்டும் தாள் வேண்டாம். அட்டையில் அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். விசையில் ஒட்டினால் கண் கீழேயே இருக்கும், ஒட்டிய தாளும் சில வாரங்களில் பிய்ந்துவிடும்.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘பள்ளி’ என்பதற்கு ப, ள, ள, இ மட்டும் போதும். இன எழுத்துக்கும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. பந்து என்றால் ப, ந, த, உ. வேகம் வருவது இதனால்தான். ஆனால் இதுவே தொல்லையாகும் சொற்களும் உண்டு. ‘மமதை’ தட்டினால் ‘ம்மதை’ என்று வரும். முதல் ம தட்டியபின் அ விசையைத் தட்டினால் புள்ளி விழாது: ம, அ, ம, த, ஐ. பப்பாளி, தத்தம் எல்லாவற்றுக்கும் இதே மருந்து. ‘வந்தது’, ‘தந்தது’ போன்றவற்றில் ந, த, த என்று மூன்று மெய் தொடர்ந்து வருவதால் மென்பொருளுக்கு மென்பொருள் விளைவு மாறக்கூடும். ‘ந்த’ வந்தபின் ஒரு அ தட்டிவிட்டு அடுத்த த தட்டினால் எதிலும் சரியாக வரும். இறந்தகால வினைமுற்று இல்லாமல் கட்டுரை எழுத முடியாது, ஆகவே இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ‘கணினி தப்பா அடிக்குது’ என்ற குரல் நாலு பக்கமிருந்தும் வரும்.

தட்டச்சுப்பொறி பழகிய ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொறியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு க, பிறகு கால் போடுவோம். இங்கே எப்போதும் மெய் முதலில், உயிர் பிறகு. திரையில் புள்ளிகளாலான சிறு வட்டத்தோடு கொம்போ காலோ தனியாக நின்றால், அந்தக் குறிக்கு முன் மெய் இல்லை என்று அர்த்தம். அழித்துவிட்டு வரிசை மாற்றித் தட்டவும்.

---

ஆய்வகப்பொறுப்பு:

மெய்யெழுத்து சார் சொல்வது கொள்கையளவில் சரி. ஆனால் வாரத்துக்கு 40 நிமிடம், 10 கணினி என்ற கணக்கில் நான்கு வாரம் விசைப்பலகைக்கே போய்விட்டால் எழுத்து எப்போது? ஆண்டின் நடுவில் தொடங்குகிறீர்கள் என்றால், கைப்பேசியில் ஏற்கெனவே பழகிய ஒலிவழி முறையிலேயே எழுதவிட்டு, பரிந்துரையை மட்டும் அணைத்துவிடலாம் என்பது என் கருத்து. கூகுளின் கைப்பேசி விசைப்பலகையான ஜிபோர்டில் டெக்ஸ்ட் கரெக்ஷன் பகுதியில் பரிந்துரைப் பட்டையை அணைக்க முடியும்.

ஜூனில் தொடங்கினால் தமிழ்99. அதில் மாற்றுக்கருத்து இல்லை.

---

மெய்யெழுத்து:

ஒலிவழியில் பரிந்துரையை அணைத்தால் பிள்ளைகள் ஒரு வரிகூட எழுத மாட்டார்கள் சார். அந்த முறை நிற்பதே பரிந்துரையின் மேல்தான். வேண்டுமானால் செல்லினம் செயலியை வீட்டுக் கைப்பேசியில் போடச் சொல்லுங்கள்; அதில் தமிழ்99 உண்டு. ஆய்வகத்தில் கிடைக்காத பயிற்சி நேரம் அங்கே கிடைக்கும்.

---

எழுத்துருக்கடை:

பழைய கோப்புகள் பற்றி.

முதலில் ஏன் அப்படித் தெரிகிறது என்பது. பாமினி, வானவில் போன்றவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தின் எண்கள்தான். அந்த எண்களின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் உண்மை வெளியே வந்துவிடுகிறது. ஒருங்குறியில் (யூனிகோட்) அப்படியில்லை, தமிழுக்கென்றே 128 இடங்கள் கொண்ட தொகுதி இருக்கிறது. எழுத்துரு மாறினாலும் க என்பது க-தான். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. ஆகவே பழைய எழுத்துருவைக் கணினிதோறும் நிறுவிச் சமாளிப்பது வீண் வேலை, கோப்பை ஒரே தடவை மாற்றிவிடுங்கள்.

மாற்றும் வரிசை: வேர்டில் கோப்பைத் திறந்து, எழுத்தின் மேல் சொடுக்கி எழுத்துருப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் மாற்றும் மென்பொருளுக்குப் போகாதீர்கள். பாமினிக்கும் வானவிலுக்கும் எண்வரிசை வேறு; தவறானதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் போலத் தெரியும் ஆனால் படிக்க முடியாத ஒன்று வரும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ ஒட்டி மாற்றவும். உங்கள் எழுத்துரு அந்த மாற்றியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்ததை வெறும் உரையாகப் புதிய கோப்பில் ஒட்டுங்கள். பழைய கோப்பிலேயே மேலே ஒட்டினால் பழைய எழுத்துரு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

சிக்கும் இடங்கள்:

வினாத்தாளில் இடையிடையே இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அந்த மென்பொருள் தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும். ஆங்கிலம் உள்ள வரிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றதை மாற்றுங்கள். அட்டவணைகளைக் கட்டம் கட்டமாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குப் பதில் புதிதாகவே தட்டச்சு செய்வது விரைவு.

அடுத்தது ஔ. ‘ஔவையார்’ என்பது பல கோப்புகளில் ஒ-வும் ள-வும் தனித்தனியாக ‘ஒளவையார்’ என்று வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. கௌரவம் என்பது ‘கெளரவம்’ ஆகியிருப்பதும் இதே கோளாறு. ஃபைண்ட் ரீப்ளேஸில் ‘ஒள’ என்பதை ‘ஔ’ என்று மொத்தமாக மாற்றலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள்! ‘ஒளி’ என்ற சொல்லுக்குள்ளும் ஒ, ள இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஔ-வின் தலையில் ஒரு கொக்கி ஏறி உட்கார்ந்துவிடும். ‘கெள’ மாற்றினால் கெளுத்தி மீன் போச்சு, ‘மெள’ மாற்றினால் ‘மெள்ள’ போச்சு. முழுச் சொல்லாக மட்டும் தேடி மாற்றுங்கள்: ஔவை, ஔடதம், கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம். இந்தப் பட்டியல் அவ்வளவு நீளமானதல்ல.

கோப்பே இல்லை, அச்சுத்தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் உரை வரும். தெளிவான அச்சுக்கு நன்றாகவே வரும். காலும் ர-வும் மாறிக்கிடக்கும், அதை மட்டும் பார்த்துத் திருத்தவும். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது மட்டும் பெரும்பாலும் கைகொடுக்காது. கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வந்து, எழுத்துக்கு முன்னால் அநாதையாக நிற்கும்.

எழுத்துரு: நிர்மலா விண்டோஸிலேயே இருக்கிறது, ஒன்றும் நிறுவ வேண்டாம். அச்சுக்கு மருதம் நன்றாக இருக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது. அளவு 12, வரி இடைவெளி 1.3 முதல் 1.5 வரை. இருபுறமும் சமன்செய்யும் வசதியைப் பிள்ளைகள் ஆசையாகத் தொடுவார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வேர்டு அவற்றை ஒழுங்காக உடைக்காது. வரிக்கு நடுவில் ஆறு போல இடைவெளி ஓடும். இடப்பக்கச் சமன் போதும்.

இன்னொன்று. ‘150 எழுத்துக்குள் எழுதுக’ என்று சொல்லிக் கணினியின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ‘தமிழ்’ என்பது நமக்கு 3 எழுத்து, கணினிக்கு 5 குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சொல் எண்ணிக்கையைப் பயன்படுத்துங்கள், அது சரியாக இருக்கும்.

---

எழுத்தாணி:

மேலே மூவரும் சொன்னது கருவி. கருவி அமைந்தபின் வகுப்பில் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணினி தமிழ் வகுப்புக்குத் தரும் ஒரே பெரிய லாபம் திருத்தி எழுதுவது. அழகான அச்சு லாபமே இல்லை. நோட்டில் ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமென்றால் பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும், அதனால் யாரும் மாற்றுவதில்லை. ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்ததோடு கட்டுரை செத்துவிடுகிறது. கணினியில் அந்தச் செலவு இல்லை. ஆகவே நோட்டில் எழுதி முடித்த கட்டுரையை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்வது நேரத்தை வீணாக்கும் வேலை. பல இடங்களில் ‘கணினித் தமிழ்’ என்ற பெயரில் நடப்பது இதுதான்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 40 பேர், 10 கணினி, ஒரு கணினிக்கு 4 பேர். இருவர் கணினியில், இருவர் தாளில். 18 நிமிடத்தில் மாற்றம். கணினியில் இருக்கும் இருவரில் ஒருவர் தட்டுகிறார், மற்றவர் வாசித்துச் சரிபார்க்கிறார், 9 நிமிடத்தில் அவர்களும் மாறுகிறார்கள். ஆக ஒரு பிள்ளையின் விரல் விசையில் இருப்பது வாரத்துக்கு 9 நிமிடம். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 5, 6 சொல் வந்தாலே நல்லது. அப்படியென்றால் 45 முதல் 54 சொல் வரை. ஒரு பத்தி. தனி ஆளுக்கு ஒரு முழுக் கட்டுரை என்று திட்டமிட்டால் ஒருவரும் முடிக்க மாட்டார்கள். நால்வருக்கு ஒரு கட்டுரை, ஆளுக்கொரு பத்தி என்று வையுங்கள்.

ஒரு கட்டுரைக்கு நான்கு வாரம். முதல் வாரம் தாளில் குறிப்புச் சட்டகம் மட்டும், கணினி பயிற்சிக்கு. இரண்டாம் வாரம் ஆளுக்கொரு பத்தி தட்டச்சு, பிழைதிருத்தி அணைத்திருக்க வேண்டும். மூன்றாம் வாரம்தான் உயிர்நாடி: நான்கு பத்தியையும் சேர்த்து வாசித்து, எது முன்னே எது பின்னே, எது இரண்டு முறை வந்திருக்கிறது என்று பார்த்து மாற்றுவது. வேர்டில் ‘ரிவ்யூ’ பட்டியில் டிராக் சேஞ்சஸைப் போட்டுவிட்டால் எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று நிறத்தில் தெரியும். நீங்கள் மதிப்பெண் போட வேண்டியது இந்த நிறங்களுக்கு. நான்காம் வாரம் எழுத்துப்பிழை, அச்சு. கோப்புப் பெயரில் வரைவு எண் இருக்கட்டும்: ‘9அ குழு3 வரைவு2’. பழைய வரைவை அழிக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள்.

ல, ள, ழ பற்றிக் கேட்டீர்கள். பரிந்துரை பிழையைக் குறைத்தது போலக் காட்டும், ஏனென்றால் பட்டியலில் வரும் சொற்கள் எல்லாம் சரியான சொற்களே. ஆனால் வலி, வழி, வளி மூன்றும் சரியான சொற்கள்தானே. மனம் மணமாகவும், அறை அரையாகவும், பறவை பரவையாகவும் போய் உட்கார்ந்துவிடும். இவ்வகைப் பிழையை எந்தப் பிழைதிருத்தியும் எளிதில் பிடிக்காது. அதற்குக் குழுவுக்கொரு தாள் வையுங்கள்: இந்தக் கட்டுரையில் மாறிப்போன சொல், வந்திருக்க வேண்டிய சொல், இரண்டின் பொருள். அடுத்த கட்டுரையின்போது கண்ட்ரோல் எஃப் போட்டு அந்தச் சொற்களை மட்டும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தன் பிழைகள் எவை என்று தெரிந்துவிடும்.

பிழைதிருத்தியைப் பொறுத்தவரை, தமிழ் ஒட்டுநிலை மொழி. ஒரு வினையடி பால், எண், காலம், வேற்றுமை என்று ஒட்டி ஒட்டி எத்தனையோ வடிவம் எடுக்கும். சொற்பட்டியலை மட்டும் வைத்திருக்கும் திருத்தி சரியான சொற்களுக்கும் சிவப்புக் கோடு போடும். பிள்ளைகள் இரண்டு நாளில் சிவப்புக் கோட்டையே மதிக்காமல் போய்விடுவார்கள். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி சொல்லின் உருபுகளைப் பகுத்துப் பார்க்கும், நாவி சந்திப்பிழையைக் காட்டும். இரண்டும் இணையத்தில் இலவசம். இறுதி வாரத்தில் மட்டும் திறக்கவும். நாவி சொல்வதை அப்படியே ஏற்காமல், ஏன் இங்கே வல்லினம் மிகும் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் இலக்கண வகுப்பும் அதிலேயே முடிந்துவிடும்.

எழுதுவதில் மிகவும் மெதுவாக இருக்கும் பிள்ளைகளுக்குக் குரல்வழித் தட்டச்சு நல்ல துணை. கூகுள் 2017லேயே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டது. பேசுவதற்கு நிறைய இருந்தும் எழுத வராத பிள்ளை முதல் வரைவை அதில் சொல்லிவிடலாம். வருவது இப்படி இருக்கும்: நிறுத்தக்குறி ஒன்றும் இருக்காது, ‘அந்த பையன்’ என்று ஒற்று இல்லாமல் வரும், பேச்சுவழக்கு பாதி அப்படியே, பாதி ஏதோ ஒரு எழுத்துவழக்காக. அதையே பாடமாக்குங்கள். நிறுத்தக்குறி இடுவது, ஒற்றுச் சேர்ப்பது, பேச்சை எழுத்து நடையாக்குவது என்று மூன்று சுற்றில் திருத்தினால் அந்தப் பிள்ளையின் சொந்தக் கட்டுரை ஒன்று கிடைக்கும். ஆய்வகத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் வராது. வராந்தாவில் ஒரு கைப்பேசி போதும்.

கையெழுத்து பற்றி. சக ஆசிரியர்களின் கவலையை ஒதுக்கிவிட முடியாது, ஆனால் அதற்கு மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதியதால் கருத்தளவில் நன்றாக விடையளித்தார்கள் என்று வந்தது. 2019இல் வேறு குழு அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. 2024இல் நார்வேயில் 36 மாணவர்களின் மூளை மின்னலையைப் பதிந்து, கையெழுத்தின்போது மூளைப் பகுதிகளுக்கிடையே இணைப்பு கூடுதல் என்றார்கள். சரி, ஆனால் அதில் தட்டச்சு செய்தவர்கள் வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தட்டினார்கள். அதை வைத்துப் பத்து விரல் தட்டச்சைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது.

பொதுத்தேர்வுக்கு வேண்டியது கைவேகம். மூன்று மணி நேரம் விடாமல் எழுதும் கைக்கு வாரம் ஒரு பாடவேளைத் தட்டச்சு கேடு செய்யாது. மேலே சொன்ன ஏற்பாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஆய்வகத்திலேயே பாதி நேரம் தாளில்தான் எழுதுகிறது என்பதையும் சொல்லுங்கள். கீழ் வகுப்புகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 247 எழுத்தும் கையில் படியும் முன் விசையைக் கொடுப்பது தவறு.

---

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. வாரத்துக்கு 9 நிமிடம் என்ற கணக்கு கண்ணைத் திறந்தது. திட்டத்தை நான்கு பேர் குழுவாக மாற்றிவிடுகிறேன்.

இரண்டு துணைக்கேள்வி. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் வாங்கலாமா? ஏ.ஐ. எழுதிக்கொடுத்ததைத் தங்களுடையது என்று கொண்டுவந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

---

ஆய்வகப்பொறுப்பு:

வாட்ஸ்அப் பற்றி மட்டும்.

அறிவிப்புக்குப் பயன்படுத்தலாம், ஒப்படைப்புக்கு வேண்டாம். குழுவில் 40 பேரும் அனுப்பினால் முதலில் வந்த நல்ல கட்டுரையை மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். குழு அமைப்பில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி பெற்றோருடையது, வேலை முடிந்து அவர்கள் வரும்வரை பிள்ளைக்குக் கிடைக்காது. ‘இன்று இரவு 8 மணிக்குள்’ என்று கெடு வைப்பது சரியல்ல. குறைந்தது இரண்டு நாள் கொடுங்கள்.

நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதாக இருந்தால் படமாக அல்லாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. தமிழில் அது சின்ன விஷயமில்லை.

மாணவர் பெயர், எண், படம் எதையும் புதிதாக ஒரு செயலியில் ஏற்றும் முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கிவையுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே வைத்திருக்கிறது.

ஆய்வகத்தில் பென்டிரைவ் வேண்டவே வேண்டாம். ஒரு கணினியில் பகிர்வுக் கோப்புறை திறந்து, குழுவாரியாக அதில் சேமிக்கச் சொல்லுங்கள்.

---

எழுத்தாணி:

ஏ.ஐ. கண்டறியும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதுவும் ஆங்கிலத்துக்கு மட்டுமே பரிந்துரைக்கப்பட்ட கருவி. தமிழுக்கு எதை நம்புவது?

வரைவுகள்தான் உங்களுக்குச் சாட்சி. குறிப்புச் சட்டகம், வரைவு 1, நிறம் மாறிய வரைவு 2 இருந்தால் கட்டுரை அவர்களுடையது. திடீரென்று வரைவு 3 மட்டும் பிழையில்லாமல் வந்தால், நடுவில் ஒரு சொல்லைச் சுட்டிப் பொருள் கேளுங்கள், போதும்.

மேற்கோளையும் பாருங்கள். கட்டுரை எழுதித்தரும் ஏ.ஐ. கருவிகள் குறளையும் எண்ணையும் அதிகாரத்தையும் தயங்காமல் மாற்றிச் சொல்லும். இல்லாத குறளைக்கூட இயற்றிக் கொடுக்கும். எண் சரிபார்ப்பது எளிது: குறள் எண்ணைப் பத்தால் வகுத்து, மீதி இருந்தால் ஒன்று கூட்டினால் அதிகார எண். ‘கற்க கசடற’ 391, ஆகவே 40ஆம் அதிகாரம், கல்வி. எண்ணும் அதிகாரமும் பொருந்தவில்லை என்றால் மூலத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இதை ஆசிரியர் செய்வதைவிடப் பக்கத்துக் குழுவிடம் கொடுத்துவிடலாம். அடுத்தவர் கட்டுரையில் குறை கண்டுபிடிக்க 9ஆம் வகுப்புக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

---

எழுத்துருக்கடை:

விட்டுப்போன ஒன்று. அச்செடுக்கும் கணினி ஆய்வகத்தில் இல்லாமல் அலுவலகத்தில் இருந்தால், அங்கே மருதம் எழுத்துரு இருக்காது. வேர்டு கோப்பாகக் கொண்டுபோனால் பக்க அமைப்பு கலைந்து, நான்கு பக்கம் ஐந்தாகும். ஆய்வகத்திலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். திருத்தத்துக்காக வேர்டு கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.